ஒரு சாண் உள்ளுக்கை நட்ட வேலி

ரோட்டிலிருந்து கடலுக்குப் போகிற எங்கள் ஒழுங்கையில் கடல் பக்கத்துக் கடைசி வீடு தவமணியுடையது, ரோட்டுப் பக்கத்துக் கடைசி வீடு என்னுடையது, நடுவில் ஐந்து வீடு, ஆக ஏழு வளவு. வளவு என்று நாங்கள் சொல்லுவது வீடும் முற்றமும் கிணறும் மரமும் சேர்ந்த முழுத் துண்டையும்தான். அந்த ஏழிலே தவமணியின் வளவுதான் முதன்முதல் நடக்கத் தொடங்கியது, தை பிறந்து மூன்றாம் நாள் காலமை, அவள் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கும்போது.

படலையைத் திறந்து குப்பையை அள்ளிக் கொட்டப் போனவள், நேற்று வரைக்கும் படலைக்கு நேரே நின்ற லைற் போஸ்ற் இன்றைக்கு ஒரு சாண் தெற்கே தள்ளி நிற்கிறதைக் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, போஸ்ற்றை ஆரோ தள்ளி நட்டிருக்கினம்," என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

புருஷன் நவரத்தினத்துக்கு ஒரு கால் இல்லை, ஊன்றுதடி இருக்கிறது. அவன் தடியை ஊன்றி ஊன்றி வந்து போஸ்ற்றைப் பார்த்தான், படலையைப் பார்த்தான், திரும்பிக் கடலைப் பார்த்தான். வள்ளம் கட்டுகிற கல் ஒன்று கரையிலே இருக்கிறது, அதுக்கும் அவர்களின் வடக்கு மூலைக்கும் ஒன்பது முழம் என்பது அவனுக்கு மனப்பாடம். தடியால் அளந்தான். எட்டரை முழம்.

"போஸ்ற் நிண்ட இடத்திலைதான் நிக்குது," என்றான். "நாங்கள்தான் போறம்."

வீடும் போனது, கிணறும் போனது, முருங்கையும் போனது, கொடியில் காய்ந்த சீலையும் போனது, அடுப்பிலே வைத்த பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் போனது. பாலின் மேலே படிகிற ஆடையை விரலால் ஒதுக்கினால் எப்படி முழுசாக நகருமோ அப்படி நகர்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு சாண், வடக்கே, கடலுக்கு நேரே. ஒன்பது முழம் என்றால் பதினெட்டுச் சாண், பதினெட்டு நாள், அதிலே ஒரு நாள் போய்விட்டது. இந்தக் கணக்குக்குப் படிப்பு வேண்டாம், இரண்டு கை இருந்தால் போதும்.

சனம் முதல் நாள் வந்து பார்த்தது, இரண்டாம் நாள் வந்து புத்தி சொன்னது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. தபால்காரர் போஸ்ற்றைக் கணக்குப் பண்ணி நிறுத்துகிறவர், இப்போது போஸ்ற்றைத் தாண்டி மூன்று சாண் உருட்டிப் போய் மணி அடித்தார். மீன்காரி, "இண்டைக்கு எவ்வளவு தூரம் பிள்ளை?" என்று கேட்டபடி கூடையை இறக்கினாள். ஒழுங்கையில் நல்ல தண்ணி உள்ள கிணறு தவமணியுடையது ஒன்றுதான், மற்றதெல்லாம் உவர். ஆனபடியால் குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்டுகள் கிணற்றோடு சேர்ந்து நாளுக்கு ஒரு சாண் வடக்கே தள்ளி நிற்கப் பழகினார்கள். ரோட்டுக்கு அங்கால் இருக்கிற சனம் மட்டும் அந்த வரிசைக்கு வருவதில்லை. வளவு நடக்க முன்னமும் வந்ததில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை, கேட்கிற அளவுக்குத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் ஒருத்தரும் இல்லை.

தவமணிக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவள் சண்டைக் காலத்தில் பதினொரு தரம் இடம்பெயர்ந்தவள். சட்டி பானையோடு ஓடி, சட்டியை விட்டுவிட்டு ஓடி, கடைசியில் நவரத்தினத்தைத் தோளிலே போட்டுக்கொண்டு ஓடித் திரும்பி வந்து, இந்த மண்ணிலே காலை வைத்த அன்றைக்கு, "இனி என்னைத் தூக்கித்தான் கொண்டுபோக வேணும்" என்று சத்தியம் பண்ணினவள்.

"மாமி," என்றாள் என்னிடம், "ஆள் ஓடினால் காணி இருக்கும், எப்பவாவது திரும்பி வரலாம். காணி ஓடினால் ஆள் எங்கை போய் நிக்கிறது?"

 நாங்கள் எல்லாரும் ஓடின ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து மண்ணுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அரசாங்கத்துக்கு ஊர்க் கணக்கு எழுதுகிற விதானையார் வந்து கொப்பியை விரித்து அரை மணித்தியாலம் இருந்தார். ஆள் இடம்பெயர்ந்தால் நிரப்பப் படிவம் இருக்கிறது, காணி இடம்பெயர்ந்தால் நிரப்பப் படிவம் இல்லை என்றார். "எங்கையிருந்து எங்கை இடம்பெயர்ந்ததெண்டு எழுதுறது? விலாசம் அதேதானே!" என்று தன்னுடைய தலையிலேயே தட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

வளவு முன்னுக்குப் போகப் போகப் பின்னுக்கு ஒரு வெறுந்துண்டு மிஞ்சியது. ஈரமாய், கறுப்பாய், புல்லும் எறும்பும் இல்லாமல். அதை நாங்கள் மிச்சம் என்று சொன்னோம். மிச்சத்துக்கு இந்தப் பக்கம் தவமணி, அந்தப் பக்கம் பூரணம். இரண்டு பேருக்கும் இருபது வருஷமாய் எல்லை வழக்கு. தவமணியின் தகப்பன் நட்ட கதியால் ஒன்று தன்னுடைய காணிக்குள் ஒரு சாண் வந்துவிட்டது என்று பூரணம் போட்ட வழக்கு. கதியால் என்றால் வேலிக்கு நடுகிற கம்பு, நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கிற பச்சைக் கம்பு. சண்டையிலே கோர்ட்டும் எரிந்தது, வழக்குக் கோவையும் எரிந்தது, கதியாலும் எரிந்தது, வழக்கு மட்டும் எரியவில்லை. முகாமில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே தறப்பாள் கொட்டில் கிடைத்தபோது, பூரணம் ஈர்க்கினால் நடுவிலே கோடு கிழித்தாள், தவமணி அந்தக் கோடு வளைவு என்று அழித்துத் திருப்பிக் கிழித்தாள். முன்னொரு காலம் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியிலே ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து போகிற ஓட்டை. அதாலே நெருப்பும் போகும், கறியும் போகும், ஊர்வம்பும் போகும். வழக்கு வந்த அன்று அதை அடைத்தார்கள். அன்றையிலிருந்து பூரணம் தவமணியின் கிணற்றுத் தண்ணியை வாயில் வைத்ததில்லை, அரைக் கட்டை, அதாவது அரை மைல், நடந்து கோயில் கிணற்றுக்குப் போகிறாள்.

அப்படிப்பட்ட பூரணம் இப்போது, இரண்டு முழ அகலத்துக்கு ஆருமில்லாத காணி தன் வாசலிலே கிடந்தும், தன் எல்லை மட்டுக்கும் கூட்டிவிட்டு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "எனக்கு என்ர சாண் போதும். ஓடுகாலிக் காணியின்ர எச்சில் எனக்கெதுக்கு," என்றாள், தவமணிக்குக் கேட்கத்தான்.

தவமணி ஐந்தாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊர் திரும்பின நாள் முதல் அவளுடைய வளவுக்கு ஒழுங்கான வேலி இல்லை, பழைய தகரமும் பழஞ்சீலையும்தான் வேலி. வேலி இல்லாத மாடு தெருவுக்குப் போகும், வேலி இல்லாத வளவு கடலுக்குப் போகும், அவ்வளவுதான் என்றாள். வேலி அடைக்கிற சின்னராசாவைக் கூப்பிட்டு, நாலு பக்கமும் கிளுவைக் கதியால், நடுநடுவே பூவரசு, பனை வரிச்சு மூன்று வரி, அதன்மேல் ஓலை என்று சொன்னாள். சின்னராசா குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை நிலத்திலே குத்தி நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, எல்லையிலையோ, உள்ளுக்கையோ?"

"உள்ளுக்கை நடு. நாலு பக்கமும் ஒரு சாண் உள்ளுக்கை. அந்தப் பக்கத்து வாய்க்கு அவல் குடுக்கப்படாது."

எங்கள் ஊரிலே பிறந்த எவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒழுங்கை முழுக்க வந்து நின்று வேலி அடைத்தது. ஒருத்தர் அலவாங்கு போட, ஒருத்தர் கதியால் நிறுத்த, ஒருத்தர் தண்ணி விட்டு மண் இறுக்க, பெண்டுகள் ஓலை கிழிக்க, நவரத்தினம் ஒரு காலில் நின்று கயிறு முறுக்க, "இறுக்கு, இன்னும் இறுக்கு, மூச்சுவிட இடம் வையாதை" என்று தவமணி சுற்றிச் சுற்றிக் கத்த, ஐந்தாம் நாள் பின்னேரம் வேலி முடிந்தது. அழகான வேலி. பொட்டில்லாத வேலி. ஒரு பூனை நுழைய இடமில்லை. அன்றைக்குத் தவமணி இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் காலமை ஊன்றுதடிச் சத்தம் கடல் பக்கம் போனது, வந்தது. கதியாலெல்லாம் ஒரே இரவில் வேர் பிடித்து விரல்நீளம் துளிர்த்து நின்றன, ஒன்றும் சரியவில்லை, ஒரு கட்டும் அவிழவில்லை. முழு வேலியும் நிமிர்ந்தபடி, திருவிழாவுக்குப் போகிற சனம் மாதிரி, வளவோடு சேர்ந்து ஒரு சாண் நடந்திருந்தது.

தவமணி கதியாலைப் பிடித்து ஆட்டினாள், அது ஆடவில்லை. "இவ்வளவு இறுக்கமா நிக்குதே, பிறகென்ன?" என்றாள். 

சின்னராசா வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குந்தி இருந்தான். "விளங்குது அக்கா," என்றான். "முளையை மாட்டிலையே அடிச்சுப்போட்டு மாட்டை நில்லெண்டிறம். நடக்கிற மண்ணுக்குள்ளை நட்ட வேலி, மண்ணோடதான் நடக்கும். நிக்கிற மண்ணிலை நடவேணும்."

நிக்கிற மண் என்றால் அடுத்தவன் மண். நாங்கள் எல்லாரும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தோம்.

மேற்கே ஒழுங்கை, அது அரசாங்கத்து மண். விதானையார் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், மறுமொழி மாசிக்குப் பிறகுதான் வரும் என்றார். கிழக்கே கனடாவில் இருக்கிற ஒருவரின் காணி. போனிலே பிடித்தார்கள், அங்கே அவருக்கு விடியப்புறம். "ஒரு கம்பும் நடக்கூடாது, நான் விற்கப்போறன், வேர் ஓடினால் வாங்கிறவன் கேள்வி கேட்பான்," என்று சொல்லி வைத்துவிட்டார். வடக்கே கடல். இதெல்லாம் கேட்டு முடிய நாலு சாண் போய்விட்டது. மிஞ்சியது தெற்கு.

"நான் அவளிட்டைக் கேக்கமாட்டன்," என்றாள் தவமணி. ஒரு சாண் போனது. "கேட்டாலும் அவள் தரமாட்டாள்," என்றாள். இன்னொரு சாண் போனது. மூன்றாம் நாள் அலை அடிக்கிறபோது வடக்கு வேலியின் ஓலை நனைகிறதென்று நவரத்தினம் வந்து சொன்னான். தவமணி கிணற்றுத் தண்ணியை வாயில் விட்டுப் பார்த்தாள். இனிப்புத்தான். ஆனால் விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்திலே ஏதோ ஒன்று நின்றது. கடலுக்கு ஐந்து சாண்தான் இருந்தது. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு பூரணத்தின் படலைக்குப் போனாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு.

"ஆரது?" என்றாள் பூரணம் உள்ளே இருந்தபடி. "கப்பல் ஏறப்போற ஆக்களோ?"

தவமணி என் கையைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள்.

"பூரணம்," என்றேன் நான், "பிள்ளை ஒரு அலுவலா வந்திருக்கிறாள்."

"தெரியும். என்ன அலுவலெண்டு சின்னராசா கோயிலடியிலை சொல்லிப்போட்டான். ஒரு சாணுக்கு இருபது வருஷம் கோர்ட் ஏறின என்னட்டை, வேலி முழுக்க என்ர காணிக்குள்ளை நட வந்திருக்கிறா. நல்ல கதை. நாளைக்கு நீதவான் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ அக்கா," என்றாள் தவமணி. "எனக்கு நேரமில்லை. அஞ்சு நாள்தான் இருக்கு."

பூரணம் வெளியே வந்தாள். கையிலே சுளகு. தவமணியை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த இரண்டு கிழமையில் தவமணி பாதியாய் இளைத்திருந்தாள், இரண்டு கண்ணும் உள்ளே போயிருந்தது. பூரணம் சுளகைத் தட்டினாள், திரும்பத் தட்டினாள்.

"எடியே," என்றாள், "நீ கடலுக்கை போட்டாய் எண்டால் நான் ஆரோட வழக்குப் பேசிறது?"

சுளகைத் திண்ணையிலே வைத்தாள்.

"நான் தரேல்லை. கேட்டியோ? நான் ஒருநாளும் தரேல்லை. நான் இப்ப கோயில் கிணத்துக்குத் தண்ணிக்குப் போறன், வர ரெண்டு மணித்தியாலம் செல்லும். அதுக்குள்ளை ஆரும் களவா நட்டால் அது களவு. நான் பிறகு வழக்கிலை சேர்ப்பன்." குடத்தை எடுத்து இடுப்பிலே வைத்துக்கொண்டு படலையைத் தாண்டினவள், திரும்பி நிலத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். "எல்லைக் கரையிலை மண் இளகல், நிக்காது. இன்னும் ரெண்டு சாண் உள்ளுக்கை போய் நடச் சொல்லு. அந்த மாதுளையை முறிச்சியளெண்டால் கொண்டுபோடுவன்."

ஊரே ஓடி வந்தது. பூரணத்தின் மண்ணிலே ஒரு வரிசை பூவரசங்கதியால், தவமணியின் வேலிக்கும் அதுக்கும் நடுவில், மிச்சத்துக்கு மேலாலே, குறுக்கே பத்துப் பனஞ்சலாகை, இரண்டு நுனியிலும் வலைக்கயிற்றால் கட்டு. சலாகை குறுக்கே போக வேண்டும் என்பதால் தவமணியின் புதுவேலியிலே, பழைய பொட்டு இருந்த அதே இடத்தில், ஓலையை அறுத்தார்கள். கடைசிக் கட்டை முறுக்கினபோது முறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கயிற்றிலேயா நிலத்திலேயா தெரியாது. கிணற்றுத் தண்ணி ஒரு தரம் தளம்பி நின்றது. பூரணம் திரும்பி வந்தாள், பார்த்தாள், "களவாணியள்" என்று சொல்லிவிட்டு மாதுளையை எண்ணினாள்.

மறுநாள் ஊன்றுதடி போய் வந்தது. ஐந்து சாண். அதுக்கடுத்த நாளும் ஐந்து சாண். தவமணி ஒரு குடம் தண்ணியைப் பொட்டாலே நீட்டினாள். பூரணம் வாங்கினாள். "உப்புக் கரிக்குது" என்றாள், கரிக்கவில்லை.

நாலாம் நாள் பூரணம் தன் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நிற்கும்போது, தெற்கு எல்லையிலே ஈரமாய், கறுப்பாய், அரைச்சாண் அகலத்துக்கு ஒரு வெறுந்துண்டைக் கண்டாள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தோம். கயிற்றுக்கட்டை அறுத்துவிடுவாள் என்று தவமணி பொட்டடியிலே கத்தியைத் தேடி ஒளித்தாள். பூரணம் கத்தவில்லை. விளக்குமாற்றைச் சாத்திவிட்டுச் சின்னராசாவின் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலைக்குப் போனாள். "தம்பி, உன்ர காணிக்குள்ளை ரெண்டு சாண் வேணும்," என்றாள். இருபது வருஷம் அந்த ஒரு சொல்லுக்காகக் கோர்ட் ஏறினவள், கேட்கிறபோது ஒரு தரம் விக்கினாள், அவ்வளவுதான்.

அப்படி ஒவ்வொரு வீடாய் வந்தது. ஒரு வளவைக் கட்ட மறுவளவு இழுபட்டது, அதைக் கட்ட அடுத்தது இழுபட்டது. பாரம் கூடக் கூட நடை குறைந்தது, சாணாய் இருந்தது அரைச்சாணாய், நாலு விரலாய், இரண்டு விரலாய்க் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. ஒருவன் வேர் ஒருவன் காணிக்குள் இல்லாத வளவு எங்கள் ஒழுங்கையிலே இல்லை என்றாகிவிட்டது. எல்லா வேலியிலும் பொட்டு விழுந்துவிட்டது, தவமணியின் முற்றத்திலிருந்து குனிந்து குனிந்து வந்தால் என் அடுப்படிக்கு வரலாம். ஆரும் எல்லையைப் பற்றிக் கதைப்பதில்லை. காலமை எழும்பினால் தேத்தண்ணிக்கு முதல் எல்லாரும் போய்த் தங்கள் தங்கள் கதியாலிலே கையை வைத்துப் பார்ப்போம், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி. இழுவை இருக்கிறதா, கூடியிருக்கிறதா. கடலுக்கும் தவமணிக்கும் நடுவில் இப்போது ஒரு சாண். ஒன்றே ஒன்று.

கடைசியில் என் படலைக்கு வந்தார்கள், ஆறு வீட்டுச் சனமும், முன்னுக்குத் தவமணி.

"மாமி," என்றாள், "உங்கட மண் நிக்கிற மண். ரோட்டைப் பிடிச்ச மண்."

"நடுங்கோ," என்றேன். "ரெண்டு சாண் இல்லை, நாலு சாண் உள்ளுக்கை நடுங்கோ."

நட்டார்கள். ஏழு வளவும் நின்றன. ஒரு கிழமை நின்றன. தவமணி ஒவ்வொரு நாளும் ஆறு பொட்டாலும் குனிந்து வந்து எனக்கு ஒரு செம்பு தண்ணி வைத்துவிட்டு, "படலைக்கல் ரோட்டோட ஒட்டிக்கொண்டுதானே நிக்குது மாமி?" என்று கேட்பாள். என் படலையிலே மிதித்து ஏற ஒரு கல் இருக்கிறது, அதுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு நூல் போகாது.

"ஒட்டிக்கொண்டுதான் நிக்குது," என்பேன்.

எட்டாம் நாள் ஒரு நூல் போகும்போல இருந்தது. ஒன்பதாம் நாள் விரல் நுனி போனது. நான் காலால் மணலைத் தள்ளி அந்த வெடிப்பை மூடினேன். தவமணி வந்து கேட்டாள், "ஒட்டிக்கொண்டுதான் நிக்குது" என்றேன். பத்தாம் நாளும் மூடினேன், பதினோராம் நாளும் மூடினேன், ஒவ்வொரு நாளும் மணல் கூடத் தேவைப்பட்டது. பன்னிரண்டாம் நாள் தவமணி கேட்டுவிட்டு உடனே போகாமல் என் கால் விரலிலே ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள்.  செம்பை வைத்துவிட்டுக் குனிந்து பொட்டுக்குள் போனாள்.

அலவாங்கை எடுத்துக்கொண்டு நான் ரோட்டைக் கடந்தேன்.

எதிர்ப் படலை வீட்டுக்காரியும் நானும் நாற்பது வருஷம் எதிர் எதிரே இருக்கிறோம். அந்தப் படலைக்குள் நான் கால் வைத்ததில்லை. அந்த வீட்டுப் பெண் பேர் இரத்தினம் என்று தெரியும், அவளுக்கு மூன்று பிள்ளை என்று தெரியும், அவர்களின் கிணறு உவர் என்று தெரியும், வெய்யிலிலே இரண்டு கட்டை தூரம் போய்க் குழாயடியிலே நின்று தண்ணி கொண்டுவருகிறவள் என்று தெரியும். என் படலையைத் தாண்டித்தான் கொண்டுவருவாள். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? எடி என்றுதான் எங்கள் பக்கத்தில் கூப்பிட்டுப் பழக்கம், அதுவும் வேலை இருந்தால். அலவாங்கை ஊன்றிக்கொண்டு படலையிலே நின்றேன். வெய்யில் ஏறியது. ஒவ்வொரு முறையாய் வாய்க்குள் வைத்துப் பார்த்தேன்.

"தங்கச்சி," என்று கூப்பிட்டேன்.

இரத்தினம் வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"நாலு நாளா மணல் போடுறியள்," என்றாள். "இஞ்சை இருந்து பாக்கத் தெரியும்."

"உங்கட காணிக்குள்ளை கொஞ்ச இடம் வேணும்," என்றேன். உங்கட என்கிற மரியாதைச் சொல் அவளுக்கு எங்கள் பக்கத்து வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தரம், அது அவளுக்கும் கேட்டது. "கதியால் நட. பஸ் போற ரோட்டுக்குக் குறுக்காலை என்னெண்டு கட்டுறதெண்டு சின்னராசா பார்ப்பான். கடலடியிலை ஒரு பிள்ளைக்கு ஒரு சாண்தான் இருக்கு."

அவள் உள்ளே போனாள். நான் திரும்பி என் வளவைப் பார்த்தேன், இந்தப் பக்கமிருந்து பார்க்க அது சின்னதாய், ஒரு பக்கம் சாய்ந்ததாய், போகப் புறப்பட்ட ஆள் மாதிரி இருந்தது. இரத்தினம் ஆள் இருக்க ஒரு வாங்கைக் கொண்டுவந்து மாமரத்துக்குக் கீழே போட்டாள். பிறகு தன் கிணற்றிலே அள்ளி ஒரு செம்பு தண்ணி கொண்டுவந்து நீட்டினாள், நீட்டினபடி நின்றாள்.

"முதல் குடியுங்கோ," என்றாள். "பிறகு கதைப்பம்."

 ரோட்டுக்கு அங்கால் எங்கள் ஏழு வீட்டுச் சனமும் வேலிப் பொட்டுகளாலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. எங்கேயோ ஒரு கயிறு முறுக்கென்றது.

வாங்கினேன். வாயை வைத்துக் குடித்தேன், கடைசிச் சொட்டு மட்டுக்கும். நாற்பது வருஷத்து உப்பு. தொண்டை எரிந்தது.

இரத்தினம் வெறுஞ்செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"எவ்வளவு உள்ளுக்கை வேணும்?" என்றாள்.